படகு வராத ஞாயிறு

இஞ்சியோன் துறையில்
இறால் வாசமடிக்கும் பொரி வாங்கினாள் நாரே.
நமக்கில்லை, கடற்காகங்களுக்கு.
விரல் நுனியில் ஒன்றை நீட்டினேன்,
நகத்தையும் சேர்த்துக் கேட்டதுபோல்
பிடுங்கிக்கொண்டு போயிற்று ஒரு பறவை.
மன்ஷிக் சிரித்தார்.
எங்களில் அவருக்குத்தான் வயது கூட,
அதனால் பயணச்சீட்டு அவர் செலவு.
சட்டமில்லை. வழக்கம்.

எனக்கு முப்பத்துநான்கு என்று தெரிந்த நாளிலிருந்து
தோக்யுங் என்னை அக்கா என்கிறாள்.
கப்பல் பெயிண்ட் எத்தனை நாளில் உரியும் என்று
குறித்து வைப்பதுதான் நால்வருக்கும் வேலை.
உப்புநீர்த் தொட்டியில் தகடுகளைத் தொங்கவிட்டு
உப்புநீர் பார்க்க வந்திருக்கிறோம்.

கடல் பின்வாங்கிய சேற்றில்
சாவித் துவாரங்கள் போலச் சின்னத் துளைகள்.
ஒரு சிட்டிகை உப்பு போட்டால்
கடல் திரும்பிவிட்டதென்று ஏமாந்து
எட்டிப் பார்க்கும் கத்திச்சிப்பி.
நான் இழுத்தது பாதியில் அறுந்தது.
மன்னிப்புக் கேட்டேன், தமிழில்.
வேறெதுவும் வாயில் வரவில்லை.

இரவு, சூடேற்றிய தரையில் கால் நீட்டி உட்கார்ந்தோம்.
அங்கேயும் அப்பா அப்பாதானாமே என்ற பேச்சை
நான் வந்த வருடமே நான்கு முறை பேசித் தீர்த்தாயிற்று.
நாரே தன் கணவரை 'உரி கணவர்' என்பாள்.
உரி என்றால் நாம். நாங்கள். நம். எங்கள்.
எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்.
தமிழில் உரி என்றால் தோலை எடு என்றேன்.
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தோக்யுங்
கையை நிறுத்திவிட்டுக் கண்ணீரோடு சிரித்தாள்.

எங்களிடம் இரண்டு உண்டு.
கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்,
கேட்பவரை வாசலில் நிறுத்தினால் நாங்கள்.

முகத்துக்கு நேராகவா சொல்வீர்கள் என்றார் மன்ஷிக்,
கதவைச் சாத்துவதுபோல் இருக்காதா?
இருக்காது, கவனித்ததே இல்லை என்றேன்.
இந்த அறையில் இப்போது எது, என்றாள் நாரே.

பன்றிக்கறி கருகியது.
எல்லோரும் இடுக்கியைத் தேடினோம்.

விடிந்தபோது தீவே இல்லை.
ஜன்னலுக்கு வெளியே பால் கொதித்து நின்றதுபோல் மூட்டம்.
படகு கிடையாது என்பதை
ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்
மிக மரியாதையாக மூன்று முறை சொன்னது.
திங்கள் எட்டு மணிக்குத்
தகடுகளை எடுத்து எடை போடவேண்டும்.
ஊறட்டும், இன்னும் ஒரு நாள்.
மேலாளரிடம் ஃபோனில் பேசிய மன்ஷிக்
எழுந்து நின்று
யாருமில்லாத திசைக்குக் குனிந்தார்.
அந்தப் பேச்சில் நான்கு உரி எண்ணினேன்,
நாலாவதில் என் பெயரும் இருந்தது.
இரண்டாம் இரவுக்குப் பாதி வாடகை போதும்,
போர்வையை மட்டும் மடித்துவிடுங்கள் என்றார் விடுதிக்காரர்.

ராம்யோன் கொதிக்கும்போது அழைப்பு,
மஸ்கட்டிலிருந்து அக்கா.
"எங்கடி இருக்கே, ரெண்டு நாளா ஆளையே காணோம்?"
"நாங்க ஒரு தீவுல மாட்டிக்கிட்டோம்க்கா.
நாளைக்குத்தான் திரும்புவோம்."
"யாரு நாங்க?"

மூன்று பெயர்களை
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
ஒன்றையும் அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.
சரி சரி, சாப்பிட்டியா என்றாள்.
சாப்பிடப் போறோம் என்றேன்.

நாரே கண்ணாடியில் மூக்கை அழுத்தி
கடல் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
திரும்பாமலே கேட்டாள்:
"இப்போ சொன்னியே, நாங்-க.
வாசலில் நிறுத்துறது அதுதானே?"

ஆமாம்.

மூட்டத்துக்குள் எங்கோ ஒரு மோட்டார் சத்தம்.
உரி படகா, என்று எழுந்தார் மன்ஷிக்.
நண்டுவலைக்காரர் யாரோ.
நிற்காமல் போய்விட்டார்.