சாவிப் படம் போட்ட கடை

பெட்டியின் பூட்டு சிக்கிக்கொண்டது
குத்தாயிசியில் இறங்கிய இரண்டாம் நாள்.
நான்கு எண்களும் சரி. இழுத்தால் வரவில்லை.
மாற்றுச் சட்டை, மாத்திரை, சார்ஜர்
எல்லாம் உள்ளே.
நான் வெளியே, மழையில்.

ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு அப்பால்
ஒரு சந்தில் தகரப் பலகை.
படிக்கத் தெரியாத எழுத்து,
நம் எழுத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை போல
முழுக்கச் சுழி, முழுக்கக் கொம்பு.
அதன் கீழே பளிச்சென்று ஒரு சாவிப் படம்.
இதைப் படிக்க யார் வேண்டும்?
கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

உள்ளே ஏழு மேசை.
ஏழிலும் ஆட்கள், ஆவி பறக்கும் மண்சட்டிகள்.
அரம் இல்லை, சுத்தியல் இல்லை.
எல்லாக் கரண்டியும் ஒரு நொடி நின்றது.
சொட்டச் சொட்டப் பெட்டியோடு நான்,
கல்யாண மண்டபம் மாறி நுழைந்தவன் மாதிரி.

பூட்டைக் காட்டினேன்.
வாசல் பலகைப் பக்கம் கை நீட்டினேன்.
அப்போது வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு,
சட்டி மூடிகள் அதிர.

ஜும்பேர், மினி பஸ் ஓட்டுகிறவர்
(பெயர் பிறகுதான் தெரியும்),
மீசையில் சோளரொட்டித் துகளோடு
வந்து குந்தினார் பெட்டி முன்னால்.
முள்கரண்டியின் ஒரு பல்லை வளைத்தார்.
கடைக்காரி மக்வாலா அங்கிருந்தே அதட்டினாள்.
மூன்று மேசைகள் யோசனை சொல்ல
நான்காவது மேசை அந்த மூன்றையும் திட்டியது.
மொழி தெரியாவிட்டால் என்ன, தொனி தெரியாதா?
க்ளிக்.

பெட்டி வாய் பிளந்தது நடுக்கூடத்தில்,
என் உள்ளாடைகள் ஊரறிய.
எல்லோரும் சட்டென்று
தங்கள் சட்டிக்குள் குனிந்துகொண்டார்கள்.
அந்த ஒரு மரியாதைக்காகவே
உட்கார்ந்துவிட்டேன்.

மெனு கேட்கவில்லை, அங்கே அது கிடையாது.
வந்தது: கருஞ்சிவப்பு பீன்ஸ், பாதி மசிந்தது,
கொத்தமல்லி, அக்ரூட், பூண்டு,
வெந்தயம் மாதிரி, ஆனால் வெந்தயம் இல்லாத ஏதோ.
வெந்த பிறகும் மக்வாலாவின் விரல்தடம்
அழியாத சோளரொட்டி.
தொட்டுக்கொள்ளப் பச்சை ப்ளம் சட்னி;
முதல் துளிக்கே இடது கண் தானாக மூடிக்கொண்டது.
அதற்கும் சிரித்தார்கள்.

எட்டு லாரி என்றாள்.
காசுக்கு அங்கே லாரி என்று பேர்.
கரண்டிக்கும் சேர்த்து வைத்தேன்.
அதை மட்டும் தள்ளிவிட்டாள்.

பலகையை ஏன் மாற்றவில்லை?
கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒரு நர்ஸ்
கேட்டுச் சொன்னாள்:
"பூட்டுக்காரர் துருக்கிக்குப் போய்விட்டார்.
சாப்பிட வருகிறவர்களுக்கு இடம் தெரியும்.
பலகை எதற்கு?"

மறுநாளும் போனேன், பெட்டி இல்லாமல்.
என் சட்டி பக்கத்தில்
ஒற்றைப் பல் வளைந்த அதே முள்கரண்டி.
வேறு கேட்டுப் பார்த்தேன்.
உன்னுடையது அதுதான் என்பதாக
ஒரு கையசைப்பு.

மூன்றாம் நாள்
நனைந்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு
ஒருவன் உள்ளே வந்தான். போலந்துக்காரனாம்.
சங்கிலிப் பூட்டைக் காட்டினான்.
வாசல் பலகையைக் காட்டினான்.
எல்லோருக்கும் முன்னால் சிரித்தது நான்.

ஜும்பேர் அன்றைக்கு ட்ரிப்பில்.
சிரிப்பு அடங்கி
ஏழு மேசையும் மெல்லத் திரும்பின
என் பக்கம்,
என் கையிலிருந்த கரண்டியின் பக்கம்.