பின்மண்டை

ஓசூர், பாகலூர் சாலை, மருந்துக்கடைக்கு மேல் மாடி.
காலை ஏழரைக்கு முனிரத்தினம் குப்புறப் படுத்தார்,
முகத்துக்கென்று ஓட்டை வெட்டிய மேசையில்.
நாலு டிப்பர் சொந்தமாக ஓடுகிறது,
பர்கூர்ப் பக்கம் குவாரிக் கணக்கு,
நாற்பத்தொரு வயதில் பெண் பார்க்கிறார்கள்.
இதெல்லாம் மரப்பு ஊசிக்கு முன் அவராகச் சொன்னது.
ஊசிக்குப் பின் சொன்னதெல்லாம்
தரையிடம்.

டாக்டர் கன்னடத்தில் தொடங்கி வைப்பார்.
ஷாகிரா தட்டில் தமிழில் பிரிப்பாள்:
ஒற்றை, இரட்டை, மூன்று.
நான் வாய்க்குள் தெலுங்கில் எண்ணுவேன்,
ஒகட்டி, ரெண்டு, மூடு,
எங்கள் வீட்டில் தக்காளிக் கூடை எண்ணுகிற மொழி.
பிழை வராது.

ஊசி சுழலும். தோல் விடும்.
இடுக்கியில் மெல்லப் பிடித்தால் வந்துவிடும் முடி
அடியில் வெளுத்த சிறு குமிழோடு.
நசுக்கினால் செத்தது.
காயவிட்டால் செத்தது.
குளிர்ந்த உப்புநீரில் வரிசையாகப் படுக்க வைக்க வேண்டும்.
ராயக்கோட்டை நாற்றுப்பண்ணையில்
தொண்ணூற்றெட்டுக் குழித்தட்டிலிருந்து
வேர்மண் உதிராமல் நாற்று எடுத்தவள் நான்.
வேலை கேட்டு வந்தபோது இதைத்தான் சொன்னேன்.
சிரித்தார்கள். சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்தடுத்து எடுக்கக் கூடாது.
ஒன்றை எடுத்தால் மூன்றை விட வேண்டும்.

ஆயிரத்து நூறைத் தாண்டியதும்
கீழிருந்து குரல்:
"எடுத்த எடத்துல மறுபடி மொளைக்குமா?"
"மொளைக்காது சார்."
கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும்.
"அப்போ பின்னாடி காலியா?"
"பக்கத்துல இருக்கறது வளந்து மூடிக்கும்.
யாருக்கும் தெரியாது."

தினமும் சொல்வதுதான்.
ஆறு பேர் களையெடுத்த பாத்தி எங்களுடையது.
கிலோ மூன்று ரூபாய்க்குப் போன வருஷம்
பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டு
நான் ஓசூர் பஸ் ஏறினேன்.
மறுவருஷம் தம்பி, ஸ்கூட்டர் கம்பெனிக்கு.
மீதி நாலு பேர்
கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.
பஸ்ஸிலிருந்து பார்த்தால்
பாத்தி நிறைந்துதான் இருந்தது.

மதியம் தயிர்சாதம். பிறகு மல்லாந்து.
நெற்றி ஓரத்துக்கு ஒற்றை மட்டும்தான்,
முன்பக்கம் சாய்த்து, கொஞ்சம் கோணலாக.
நேர்கோட்டில் நட்டால் பொம்மைத் தலை.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
சாயங்காலம் ஆறரைக்கு
என் கழுத்து என்னுடையதாக இல்லை.

இருபத்து மூன்றாம் நாள் போன்.
"எல்லாம் கொட்டிப்போச்சும்மா. தலகாணி பூரா முடி.
நாலு டயர் வாங்கற காசு."
"கொட்டணும் சார். மேல இருக்கறது போவும்,
வேர் உள்ள உக்காந்திருக்கும்.
நாலாம் மாசம் பாருங்க."
"வேர் இருக்குன்னு நீ பாத்தியா?"

பார்த்தேன்.
ஒவ்வொன்றாக.

பதினோராம் மாதம் ஒரு லட்டுப் பொட்டலத்தோடு வந்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
மொட்டை.
சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.
ஷாகிரா இடுக்கியைக் கீழே போட்டாள்.
"வளந்தா தர்றேன்னு பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன்.
வளந்துடுச்சு. என்ன பண்றது?"
டாக்டர் கன்னடத்தில் என்னவோ சொன்னார்,
நல்ல வார்த்தை இல்லை.
"பொண்ணு வீட்டுக்காரங்க?" என்றேன்.
"அவங்களுந்தான் மலைக்கு வந்திருந்தாங்க.
வரிசையில அவரு எனக்கு முன்னாடி,
மாமனாரு."

விளக்கை இழுத்துக் குனிந்தேன்.
முன்னால், மூன்று நாள் முளை,
சொரசொரவென்று,
நான் சாய்த்த பக்கமே சாய்ந்து.
பின்னால்,
மூடிக்கொள்ள அக்கம்பக்கம் யாருமில்லாமல்
மிளகில் பாதி அளவு வெள்ளைப் புள்ளிகள்,
காதிலிருந்து காது வரை.

அவர் லட்டைப் பிட்டு ஷாகிராவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.
"அசையாதீங்க சார்," என்றேன்.

ஒகட்டி.
ரெண்டு.
மூடு.