பின் சரக்கறை

இரவு ஒன்று பத்துக்கு
திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகவேண்டியது
பாயான் லெப்பாசில் வந்து இறங்கியது.
பின் சரக்கறையில் புகை என்று
ஒரு சிவப்பு விளக்கு சொன்னதாம்.

மழை விட்ட ஓடுபாதையில்
நான்கு தீயணைப்பு வண்டிகள்.
வெப்பக் கேமராவால் கதவைப் பார்த்தோம்.
குளிர்ந்திருந்தது.
ஃபைசுல் தலையசைத்தான்.
தாழ்ப்பாளை நான் திருகினேன்.

முகத்தில் அடித்தது
சௌரஸ்தா சந்தையின் விடிகாலை.
முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, வெற்றிலை,
அறுபது பெட்டி.
பறித்த பிறகும் மூச்சுவிட்டபடி
மூன்று மணி நேரம் இருட்டில்
வந்திருக்கின்றன.
அந்த ஈரத்தைத்தான்
சென்சார் புகையென்று படித்திருக்கிறது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இங்கே புகையும் இல்லை.

ஆனாலும் விமானம் பறக்காது.
அணைப்பு வாயுக் குப்பிகள் இரண்டும் காலி.
கேப்டன் செய்தது சரி,
நானாக இருந்தாலும் அழுத்தியிருப்பேன்.
மாற்றுக் குப்பி சிப்பாங்கில்.
லாரி ஈப்போ தாண்டி, தைப்பிங் தாண்டி,
பாலம் ஏறுவதற்குள் விடிந்துவிடும்.

பயணிகள் கூடத்தில் நூற்று எழுபத்தொரு பேர்,
ஆறிய நாசி லெமாக் பொட்டலங்கள்.
என் சட்டைக் கறையைப் பார்த்து
ஒருவர் எழுந்து வந்தார்.
குணாளன், சுங்கை சிப்புட்.

"தங்கச்சி, நிஜமாவே நெருப்பு இல்லையா?"
இல்லண்ணே.
"கொஞ்சம்கூட?"
கீரைண்ணே.

ஏமாந்தவர் போல உட்கார்ந்தார்.
கைபேசியை நீட்டினார்.
இறங்குகிற இருபது நிமிடத்தில்
பதினோரு வருடம் பேசாத அண்ணனுக்கு
தட்டிவைத்தது:
வீடு உன்னோடது.
அப்பா கையெழுத்தை நான்தான் போட்டேன்.

சக்கரம் தரையைத் தொட்டதும்
யாரையும் கேட்காமல் போய்விட்டது.
"அழிக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள..."
இரண்டு நீல டிக்.
பதில் இல்லை.

அந்தக் கூடத்தில்
இன்னும் எத்தனை கைபேசிகள்
முகம் கவிழ்ந்து கிடந்தனவோ.
நான் எண்ணவில்லை.
என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை,
மைலோ வாங்கிக் கொடுத்தேன்.

ஆறரைக்குக் குப்பி வந்தது.
பொருத்தினோம், சோதித்தோம்.
கீரை பாதி வாடியிருந்தது.
பதிவேட்டில் எழுதினேன்:
புகை எச்சரிக்கை. தீ இல்லை.
காரணம், சரக்கின் ஈரப்பதம்.

ஏணியில் பாதி ஏறியிருந்தார்,
அவர் கைபேசி அதிரத் தொடங்கியது.
எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை.
உள்ளங்கையில் வைத்துப்
பார்த்துக்கொண்டே நின்றார்.

பின்னால் வரிசை முணுமுணுத்தது.
ஃபைசுல் என்னைப் பார்த்தான்.
கொஞ்சம் பொறுங்கள் என்று
கை காட்டினேன்,
ஏதோ ஒரு போல்ட்டை
இன்னொரு முறை பார்க்கவேண்டியிருப்பது போல.