நாலாவது குழாய்

கோணாமலை, ஐம்பத்தேழு வயது, தம்பலகாமம்.
தொழில் என்ற இடத்தில்
'வட்டவிதானை' என்று தானே எழுதினார்.
கொழும்பில் இது யாருக்கு விளங்கும் என்று
நான் பக்கத்தில் பென்சிலால் 'விவசாயம்' போட்டேன்.
பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இருமினார்.

திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி,
கடல்பக்கம் யன்னல் உள்ள அறை.
நெஞ்சுப் படத்தில், வலது மேல் மடலில்,
நாவற்பழமளவு ஒரு வெண்மை.
"ரத்தத்தில என்னத்தைத் தேடுறீங்கள்?"
"வளர்ச்சிக் காரணி எண்டு ஒரு சாமான்."
"வளர்ச்சி நல்லதுதானே பிள்ளை?"

சொன்னேன்:
கட்டிக்குப் பசி. பக்கத்தில் போதிய நாளம் இல்லை.
ஆகவே ரத்தத்தில் ஆளனுப்புகிறது,
எனக்கும் ஒரு வாய்க்கால் வெட்டு என்று.
எத்தனை ஆள் போனது என்று நாங்கள் எண்ணுகிறோம்.

"அப்ப இது களவாய் மடை திறக்கிறவன்."
வந்த நாளிலிருந்து முதல்முறையாக
நிமிர்ந்து உட்கார்ந்தார்.
கந்தளாய்க் குளம் வற்றிய சிறுபோகங்களில்
இரவில் மண்வெட்டியோடு வந்தவர்களின்
பெயரெல்லாம் சொன்னார். ஒருவன் அவருடைய மைத்துனன்.
"அவனையும் விடேல்ல. தண்டம் அடிச்சனான்.
பதினாலு வருசம் என்னோட கதைக்கேல்ல."

முதற் குழாய்: இருநூற்று எட்டு.
மருந்து ஏற்றியபின், இரண்டாவது: நூற்று அறுபது.
மூன்றாவது: நானூற்றுப் பன்னிரண்டு.
படிவத்தின் ஏழாம் பந்தி:
பெறுபேறு நோயாளிக்கு அறிவிக்கப்படமாட்டாது.

நாலாவதுக்கு ஊசி ஏற்றும்போது கேட்டார்,
"நீர்மட்டம் எவ்வளவு?"
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு
அந்த எண்ணை முழுக்க நம்பேலாது என்றேன்.
ரத்தம் உறையத் தொடங்கினால்
தட்டணுக்கள் தங்கள் கையிருப்பையும் கொட்டிவிடும்,
சுழற்றப் பிந்தினால் கணக்குக் கூடிப்போகும்.
அத்தனையும் உண்மை.
அவர் கேட்டதற்குப் பதில் அல்ல.

"மட்டப்பலகை பாக்கிறவன் பொய் சொன்னா
வயலுக்குத் தெரிஞ்சிரும் பிள்ளை" என்றார்,
கடலைப் பார்த்தபடி.
உப்புத்தண்ணியைப் பார்த்து
என்ன பிரயோசனம் என்பதுபோல.

அந்தக் குழாய் இரவு ரயிலில் போனது.
கல்லோயாவுக்கு இந்தப் பக்கம்
தண்டவாளத்தில் யானை; ஆறு மணித்தியாலம்.
ஐஸ் தண்ணீராகி,
லேபல் கழன்று பெட்டிக்குள் மிதந்ததாம்.
கொழும்பு எழுதியது:
மாதிரி ஏற்கப்படவில்லை. மீண்டும் எடுத்து அனுப்புக.

கட்டில் காலி. துண்டு வெட்டிக்கொண்டு
வீட்டுக்குப் போய்விட்டார் என்றாள் மிஸ்ஸி.
சித்திரை வெயிலில், ஆய்வுகூட வாசலில் நின்று
தொலைபேசி எடுத்தேன்.

"இண்டைக்கு ஏலாது பிள்ளை, தண்ணி விடுறாங்கள்.
கடைசி வயலுக்கு ஏறுமட்டும் நான் நிக்கவேணும்.
பொறும், கேளும்..."

கைபேசியை வாய்க்காலுக்குக் கிட்டப் பிடித்திருக்க வேண்டும்.
தண்ணீர் கேட்டது.
யாரோ ஒருவன் "அத்தான், இஞ்சால" என்று கூப்பிட்டதும் கேட்டது.
பிறகு இருமல்,
முந்தியதை விட நீளமாக,
நான் எண்ணத் தொடங்கி
நிறுத்திவிட்டேன்.