ஏழு தலைமுறைக்கும்

சாபம் இதுதான்:
"உன் வம்சத்தில் ஏழு தலைமுறைக்கும்
ஆம்பளை எவன் இடுப்பிலும்
வேட்டி நிற்காது."

கூலி தராத ஜமீன்தாரைப் பார்த்து
நெசவுக்காரி நூல்கண்டை வீசிச் சொல்கிறாள்.
இடி.
முதல் வேட்டி விழுகிறது.

டிக்கெட் எடுத்தவன் வெய் கியாட்.
உட்லண்ட்ஸ் டிப்போவில்
நான் ஓட்டும் பேருந்துக்கு பிரேக் பார்ப்பவன்.
"மூணு மாசம் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தாச்சு மாசி,
இப்ப பேயைப் பாரு லா."
அவனுக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை.
அதில் இரண்டு சபையில் சொல்லக்கூடாதவை.
சொல்லிக்கொடுத்த பாவம் என்னுடையது.

பீச் ரோட்டுப் பழைய கொட்டகை,
ஏழாம் மாதம்.
அவன் அம்மா வாசல்வரை போனில் வந்தார்:
இருட்டில் விசிலடிக்காதே,
பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பாதே.
முன்வரிசை காலி என்றேன்.
"காலியா? யார் சொன்னது?" என்றான்.

திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்து
வசனத்துக்கு அரை நொடி முந்தி வருகிறது.
ஆகவே என் மொழியின் நகைச்சுவைக்கு
எனக்கு முன்னால் அவன் சிரித்தான்.
படம் முழுக்க
மின்னல் அவன், இடி நான்.

ஒரே ஓர் இடத்தில் மாறிப்போனது.
"ஆவி வந்துடுச்சு!" என்று பூசாரி அலற,
அடுப்படியிலிருந்து பதில் வருகிறது:
"அப்ப இட்லியை இறக்குங்க."
அவன் விழித்தான். "ஏன் இட்லி?"
நீராவிக்கும் பேய்க்கும் உயிருக்கும்
எங்களுக்கு ஒரே சொல் என்றேன், மூச்சு வாங்கியபடி.
கொஞ்சம் யோசித்துச் சொன்னான்:
"சிக்கனமான மொழி."

மூன்றாம் தலைமுறை வக்கீலுக்கு
நீதிபதி முன்னால் விழுந்தது.
ஐந்தாம் தலைமுறைக்குத் தேர் வடத்தில் சிக்கி
தேரோடு போனது.
ஏழாமவன் புத்திசாலி, ஜீன்ஸ் போட்டவன்.
வாளியில் கால் மாட்டி, ஏணியில் தலை மாட்டி
அவனும் கற்றுக்கொண்டான்:
சாபத்துக்குத் தையற்கடை பேதமில்லை.

அப்புறம் வந்தது ஜமீன் பேய்.
வெள்ளை மீசை, சிவந்த கண்.
கழுத்தை நெரிக்க இரண்டு கையும் தூக்கியது.
விழுந்தது அதற்கும்.
கீழே
ஒன்றுமே இல்லை. காலே இல்லை.
பேய் வெட்கத்தோடு ஒரு கையால் வேட்டியைப் பிடித்து
மறு கையால் நெரித்துப் பார்த்தது.
ஒரு கையால் நெரிபடவில்லை கழுத்து.

தையல் போட்ட இடம் இழுத்தது எனக்கு.
கனமானதைத் தூக்காதே என்றுதான் டாக்டர் சொன்னார்.
நான் எதையும் தூக்கவில்லை.
பெல்ட்டை மட்டும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.
ஆணியால் புதிதாய் மூன்று துளை போட்ட பெல்ட்.

கச்சாங் பூத்தே கூம்போடு ஓர் அம்மாள்
வெளியே போக வழி கேட்டார்.
எழுந்தேன்.

பதினோரு கிலோ இளைத்தவனின் கால்சட்டை
என்ன செய்யுமோ அதைச் செய்தது.

திரை வெளிச்சத்தில் நான்,
கோடு போட்ட அரைக்கால் உள்ளாடை,
கணுக்காலில் மீதி மானம்.

அம்மாள் அலறவில்லை.
ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு,
"நீங்க எத்தனையாவது தலைமுறை?" என்றார்.

எங்கள் வரிசை சிரித்தது.
பின்வரிசைக்கு விஷயம் போய் அதுவும் சிரித்தது.
கால்சட்டையைக்கூட எடுக்காமல்
நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன்.
வெய் கியாட்தான் இம்முறை தாமதம்.
இதற்கு எழுத்து ஓடவில்லை.
"என்ன சொன்னாங்க? மாசி, என்ன சொன்னாங்க?"

வெளியே நடைபாதை ஓரம்
தகரத் தொட்டியில் காகிதப் பணம் எரிந்தது.
சாம்பல் எங்கள் தலைக்கு மேல் ஏறிப் போனது.
ஊதுபத்தியும் ஆரஞ்சும் வைத்த இடத்தை
இருவரும் சுற்றி நடந்தோம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:
"அங்கிள்!"

நாங்கள் திரும்பவில்லை.

"அங்கிள்! அங்கிள்!"

நடை ஓட்டமானது.
நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்,
என்ன நினைத்தானோ, அவனும்.
எம்ஆர்டி வாசல்வரை எங்களைத் துரத்தி வந்தான்
கொட்டகைப் பையன்,
தலைக்கு மேல் என் பெல்ட்டைச் சுழற்றியபடி.