ஒன்பதாம் எண் செருப்பு

லெட்சுமாங்குடி செருப்புக் கடையில்
எப்போதும் இரண்டு ஜோடி வாங்குகிறேன்.
இடதுக்கு ஆறு, வலதுக்கு ஒன்பது.
மிஞ்சும் ஒற்றைகள் கட்டிலுக்கடியில்
ஒரு கோணிக்குள் கிடக்கின்றன,
எறிய மனசில்லாமல்.

வருஷா வருஷம் மாத்திரை கொடுக்க வந்தவளிடம்
வாயைத் திறந்து காட்டிவிட்டு
நாக்கடியில் ஒளித்ததை
முருங்கைக்கடியில் துப்பியவள் நான்.
எனக்கெதற்கு என்று நினைத்தேன்.
கொசுவுக்குத் தெரிந்திருந்தது.

மருமகன் சிங்கப்பூரிலிருந்து வந்தவன்
"மிதித்தது போதும் மாமி" என்று
தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டினான்.
நாளைக்கு ஆறு ஜாக்கெட் பத்தானது.
கால் மட்டும் வேலையில்லாமல் தொங்கி
சாயங்காலத்துக்குள்
புளித்த மாவாகப் பொங்கியது.
விரலால் அழுத்தினால் குழி.
குழி நிறைய நேரம் பிடிக்கும்,
கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி.

"ரத்தத்துக்கு இதயம் இருக்கு, ராபியா.
நிணநீருக்கு யாருமில்லை" என்றாள்
ஜெசிந்தா சிஸ்டர்.
அந்த நீரின் மேல் எனக்குப் பாவமாக இருந்தது.
என் துணிச் சாக்குக்கட்டியை எடுத்து
சிமெண்டுத் தரையில் இரண்டு கோடு இழுத்தாள்.
"மேட்டூர் திறந்தா பூப்போட்டுக் கும்பிடுறோமே, அது ரத்தம்.
வயலில் மிஞ்சினதை வாங்கிக்கிட்டு
பின்பக்கமாப் போகுதே வடிகால், அது இது.
கெண்டைச்சதை தள்ளினாத்தான் போகும்.
வயிறு வரைக்கும் இழுத்துவிடுகிற மூச்சு தள்ளினாத்தான் போகும்.
நீ மோட்டார் போட்டு
அந்தச் சதையை வேலையை விட்டு நிறுத்திட்டே."

எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு வடிகால்.
வெங்காயத்தாமரை மூடிய வருஷம்
ஐப்பசி மழை வடியாமல்
பதினோரு நாள் நின்று அழுகிய பயிரின் நாற்றம்
என் தறித்த துணியெல்லாம் ஏறியிருந்தது.
மேற்கொண்டு எனக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கால் கழுவுறியா?"
"ஐந்து வேளையும். ஒளுச் செய்யும்போது
விரலுக்கிடையில் விரல் விட்டு."
சிரித்துவிட்டாள்.
"அப்ப நான் சொல்ல ஒண்ணுதான் பாக்கி. துடை."

துடைத்ததே இல்லை. ஈரத்தோடுதான்
தொழுகைப் பாயில் ஏறுவேன்.
இப்போது பழைய மல் துணியால்
இடுக்கு இடுக்காக ஒத்தி எடுக்கிறேன்,
கைக்குழந்தையின் கழுத்து மடிப்பைப் போல.
வெடிப்பு கண்டால் களிம்பு.
காய்ச்சலோடு சிவந்தால் பச்சிலை கட்டி உட்காராமல்
மன்னார்குடி பஸ்.

மோட்டாரைக் கழற்றினேன். மருமகனுக்கு வருத்தம்.
பத்து மறுபடி ஆறானது.
கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்தேன்;
சறுக்குகிறது என்று இவர் தரைக்கு இறங்கிவிட்டார்.

அளவெடுப்பது என் தொழில்.
நோட்டில் ஊரார் மார்பளவு, கையளவுக்கு நடுவே
என் பேருக்கும் ஒரு பக்கம்.
கணுக்காலுக்கு மேல் நாலு விரல்:
பதினாறு. பதினைந்தே முக்கால். பதினாறு.
(அது பெருநாள் வாரம், உட்கார்ந்தே தைத்தது.)
பதினைந்தரை.
பழைய அளவு திரும்பாது என்று
ஜெசிந்தா முதல் நாளே சொல்லியாகிவிட்டது.

போன மாத முகாமில்
பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் கால் வைத்திருந்தவள்
கோட்டூர் அஞ்சம்மாள்.
நடவாள். எனக்கு வலது, அவளுக்கு இடது.
ஒருத்தி காலை ஒருத்தி பார்த்தோம்.
பிறகு ஒருத்தி செருப்பை ஒருத்தி.

இந்த மாதம் கோணியோடு போனேன்.
வலது ஆறு அவளுக்குப் பொருந்திற்று.
இடது ஒன்பது பிடித்தது, குதிகால் வெளியே நின்றது.
திருப்பித் தருவாள் என்று கை நீட்டினேன்.
தரவில்லை.
பையில் போட்டு முடிச்சிட்டுக்கொண்டு சொன்னாள்:

"இருக்கட்டும் பாய்மா.
ஒன்பதுக்கு நான் இறங்கி வர்றேன்."