மூன்றாம் பெண்ணின் ஸ்வெட்டர்

ஒரே ஸ்வெட்டரைப் பதினோரு தடவை பின்னச் சொன்னார்கள்.
டேக்குக்கு ஒன்று.
ரத்தம் பட்டதை மறுபடி மாட்ட முடியாது.
பாசிப்பச்சைக் கம்பளி, கழுத்தில் இரட்டை வரி,
பொத்தான் ஐந்து: நான்கு பழுப்பு,
மேலிருந்து மூன்றாவது மட்டும் கறுப்பு.
போலீஸ் கோப்பின் நகலில் அப்படித்தான் இருந்தது.
ஐம்பது வருஷத் தட்டச்சு,
வட்ட எழுத்து விழுந்த இடமெல்லாம் தாளில் துளை.

படம் அவனைப் பற்றியது.
பெயரை நான் எழுதப்போவதில்லை,
சுவரொட்டியில் ஆளுயரத்துக்கு இருக்கிறது,
போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.
திரைக்கதையில் அவனுக்கு பெல்ட்டோடு ஓர் அப்பா உண்டு,
சிறகொடிந்த புறா உண்டு,
மழை பெய்யும் ஜன்னலோரம்
நான்கு பக்கத்துக்கு அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.
வியெஸ்வாவாவுக்கு ஒரு வரி:
காட்சி 41. பெண் 3, வயது பத்தொன்பது, ஓடுகிறாள்.

நடிகன் ஜெமோவித் நல்ல பையன், குறை சொல்ல முடியாது.
இரண்டு மாதம் பூட்டுக்கடையில் நின்று
சாவி வெட்டக் கற்றுக்கொண்டான், அவனைப் போலவே.
இடைவேளையில் செத்த பெண்களுக்கு
ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தருவான்.
கழுத்துக் கன்றல் கலையாமல்
அவர்கள் நிமிர்ந்து குடிப்பார்கள்.

ஓடர் ஆற்றங்கரையில் சின்ன ஊர்.
ரொட்டிக்கடைக்காரர் மகனுக்கு இரண்டு காட்சியில் போலீஸ் வேஷம்.
சீருடையைக் கழற்ற மனசில்லாமல்
அதோடேயே மாவு பிசைந்துகொண்டிருந்தான்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொடி கட்டி
பதினொன்றையும் துவைத்துக் காயப்போட்டேன்,
புதுசு மாதிரித் தெரியக்கூடாது என்று.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த கிழவி நின்றாள்.
கைப்பிடியில் பீட்ரூட் பை.
உதடசைய எண்ணினாள்,
கடைசியிலிருந்து திரும்பவும் எண்ணினாள்.

"கறுப்பு இரண்டாவது" என்றாள்.

என்ன அம்மா?

"மூன்றாவது இல்லை, இரண்டாவது. நான்தான் தைத்தேன்.
பஸ் நெரிசலில் அறுந்துபோச்சு என்று அழுதாள்.
அப்பா கோட்டிலிருந்து ஒன்றைப் பிய்த்தேன்.
பெல்ட்டால் வாங்கினேன் அதற்கு."

கொஞ்ச நேரம் சட்டைகளின் கைகள் ஆடுவதைப் பார்த்திருந்துவிட்டு,
"ஓடுகிறாளாமே?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
"அவளுக்கு இடது கால் குட்டை.
பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை. டிரைவர் காத்திருப்பார்."

இயக்குநர் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்ஃபோனை நகர்த்தினார்.
பொத்தானா, உன் இஷ்டம்.
ஓடாவிட்டால் காட்சி செத்துவிடும்.

அன்றிரவு இருபத்திரண்டு பொத்தான்களைப் பிரித்தேன்,
இருபத்திரண்டையும் தைத்தேன்.
விடியும்போது கட்டைவிரலில் ஊசி ஏறி
ஏழாவது ஸ்வெட்டரில் நிஜமாகவே ஒரு பொட்டு.
அலசவில்லை.
எப்படியும் அங்கே ரத்தம்தான் ஊற்றப்போகிறார்கள்.

நடிகை அழகாக ஓடினாள்.
எட்டு டேக். மூன்று மிஞ்சியது.
கணக்கில் இரண்டு என்று எழுதிவிட்டு
ஒன்றைக் கிழவியின் முகவரிக்கு அனுப்பினேன்.
பத்தாம் நாள் திரும்பி வந்தது, மடிப்புக் குலையாமல்,
ஒரு துண்டுச்சீட்டோடு:
"தோள் அகலம். இது அந்தப் பொண்ணோடது.
யாத்விகா."

வ்ரோத்ஸ்வாஃபில் ஒரு மதியக்காட்சி, பாதி அரங்கம்தான் ஆள்.
பச்சை ஸ்வெட்டர் நான்கு விநாடி வந்தது,
முதுகைக் காட்டிக்கொண்டு.
பொத்தான் இருக்கிற பக்கமே இல்லை.
அப்புறம் ஜன்னல், மழை, அவன் முகம்,
அவன் முகம்.

பின்வரிசையில் யாரோ
பாவம் என்றார்கள்.